கலப்பின் எல்லை: இந்தோனேசியப் பன்மொழிக் குழந்தைகளின் பேச்சும் ஆய்வு நோக்கும்

குழந்தை ஒரே தொடரில் இரு மொழிகளின் சொற்களை இணைத்துப் பேசுவதைக் குழந்தைமொழி ஆய்வு நெடுங்காலமாக ஒரு சிக்கலாகவே கண்டு வந்துள்ளது. பெற்றோர்க்கு அது கவலை. ஆசிரியர்க்குத் திருத்த வேண்டிய பிழை. மொழியியலார்க்கு விளக்கம் வேண்டி நிற்கும் புதிர். மூவரும் ஒரு செய்தியில் ஒன்றுபடுகின்றனர். கலக்கப்படும் இரண்டும் முதலில் தனித்தனியே இருந்தன என்பதே அது. இந்த முற்கோள் இந்தோனேசியாவில், குறிப்பாக ஜாவாத் தீவில், வளரும் குழந்தைகளின் அன்றாடப் பேச்சுக்கு எந்த அளவிற்குப் பொருந்தும் என்பதை ஆராய முற்படுகிறது இக்கட்டுரை.

சுரபாயா நகரில் மூன்று வயதுக் குழந்தை ஒரு டப்பாவை நீட்டித் திறந்து தரும்படி கேட்கிறது எனக் கொள்வோம். எழுத்துவழக்கு இந்தோனேசியத்தில் அதற்குரிய வடிவம் 'புக்காக்கான்'. ஜகார்த்தாப் பேச்சுவழக்கில் 'புக்காயின்'. கிழக்கு ஜாவானியத்தில் 'புக்காக்னோ'. மூன்றிலும் அடிச்சொல் ஏறத்தாழ ஒன்றே. 'பிறர்க்காகச் செய்தல்' என்னும் பொருள் தரும் பின்னொட்டு மட்டும் வேறுபடுகிறது. பாட்டியின் வாயிலிருந்து ஒன்றையும், தொலைக்காட்சித் தொடரிலிருந்து மற்றொன்றையும், படக்கதை நூலிலிருந்து மூன்றாவதையும் அக்குழந்தை கேட்கிறது. எதைச் சொன்னாலும் டப்பா திறக்கப்படும். இவற்றுள் எது அதன் மொழி, எது கலப்பு என்று வரையறுக்கும் பொறுப்பு குழந்தையினுடையது அன்று, ஆய்வாளருடையது. (இங்குத் தரப்படும் குழந்தைப் பேச்சுத் தொடர்கள் விளக்கத்திற்காக அமைக்கப்பட்டவை, பதிவுகளிலிருந்து எடுக்கப்பட்டவை அல்ல.)

மொழிச்சூழல்

எழுநூற்றுக்கும் மேற்பட்ட மொழிகள் வழங்கும் நாடு இந்தோனேசியா. 1928 அக்டோபர் 28இல் இளைஞர் மாநாடு ஏற்ற உறுதிமொழி தாயகம் ஒன்று, இனம் ஒன்று எனக் கூறியது. மொழியைப் பற்றிக் கூறுமிடத்து மட்டும் 'ஒரே மொழி' என்னாமல், ஒற்றுமை மொழியாக இந்தோனேசியத்தைப் போற்றுவதாகக் கூறி நின்றது. இச்சொல்லாட்சி பிற மொழிகளுக்கு இடம் விட்டது. 1945ஆம் ஆண்டின் அரசியலமைப்பு இந்தோனேசியத்தை அரசின் மொழியாக்கியது. ஆயினும் வீட்டு மொழியாக அது மெல்லத்தான் பரவியது. 1980ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 12 விழுக்காட்டினரும், 2010இல் ஏறத்தாழ 20 விழுக்காட்டினரும் அதனை இல்லத்தில் அன்றாடம் பேசுவோராகக் காணப்பட்டனர். ஏனையோர் வட்டார மொழியொன்றை வீட்டிலும் இந்தோனேசியத்தை வெளியிலும் வழங்குவோர் எனப் பொதுவாகக் கூறுவர். இவ்வாறு கூறுவது கணக்கெடுப்புப் படிவத்திற்கு வசதியானது. படிவத்தில் ஒரு கட்டத்தில் ஒரு மொழிக்கே இடமுண்டு. ஆனால் ஒரு வீட்டில் ஒரு மாலைப்பொழுதில் வழங்கும் பேச்சு அவ்வாறு கட்டத்திற்குள் அடங்குவதில்லை.

'இந்தோனேசியம்' எனப்படுவதும் ஒருபடித்தானது அன்று. பள்ளியும் செய்தியறிக்கையும் வழங்கும் எழுத்துவழக்கு ஒன்று. ஜகார்த்தாவில் உருவாகி ஊடகங்கள் வழியே நாடெங்கும் பரவிய பேச்சுவழக்கு மற்றொன்று. பின்னதிலுள்ள '-இன்' என்னும் பின்னொட்டு ஜகார்த்தாவின் பழங்குடிகளாகிய பெத்தாவி மக்களின் பேச்சிலிருந்து வந்தது. இடைச்சொற்களுள் 'சி', 'டோங்', 'டே' முதலியனவும் அப்பேச்சினவே. 'கோக்', 'லோ' ஆகியன ஜாவானியத்திற்கு உரியன. 'நான்', 'நீ' எனப் பொருள்படும் 'குவே', 'லூ' என்பன ஹொக்கியன் சீனத்தின் கொடை. மாமனையும் அத்தையையும் அழைக்கும் 'ஓம்', 'தாந்தெ' என்பன டச்சுச் சொற்கள். இவற்றையெல்லாம் பெற்றிருக்கும் பேச்சையே ஜகார்த்தாக் குழந்தை முதல் மொழியாகக் கற்கிறது. அப்பேச்சில் 'கப்பால்' என்றால் கப்பல். 'கெடாய்' என்றால் கடை. 'மோடால்' என்றால் முதல், அதாவது வணிகத்தில் இடும் முதலீடு. இம்மூன்றும் தமிழிலிருந்து மலாய்க்குச் சென்று நிலைத்தவை என்பதைத் தமிழ் வாசகர் அறிவர். பொம்மைக் கப்பலைக் காட்டி 'கப்பால்' எனக் கூறும் குழந்தை தமிழைக் கலக்கிறது என எவரும் கூறார். கடன்சொல்லுக்கும் கலப்புச்சொல்லுக்கும் இடையே பெரும்பாலும் காலமே எல்லையாக நிற்கிறது. பிறந்து இரண்டாண்டுகளே ஆன குழந்தைக்கு அந்த எல்லை தெரிந்திருக்க வழியில்லை.

பெட்டிகளின் கோட்பாடு

இருமொழிக் குழந்தை பற்றிய ஆய்வு ஐரோப்பியக் குடும்பங்களில் தொடங்கியது. 1913இல் வெளிவந்த ரோன்ஜாவின் நூல் பிரெஞ்சும் ஜெர்மனும் கற்ற அவர் மகனைப் பற்றியது. தந்தை ஒரு மொழியும் தாய் ஒரு மொழியும் மட்டுமே பேசுவது என்னும் நெறி அதனால் புகழ் பெற்றது. 1939 முதல் 1949 வரை நான்கு தொகுதிகளாக லியோபோல்டு தம் மகளின் ஆங்கில-ஜெர்மன் வளர்ச்சியைப் பதிவு செய்தார். 1978இல் வோல்டெராவும் டெஷ்னரும் முன்வைத்த மூன்று படிநிலைக் கொள்கை இத்தரவுகளையும் இத்தாலியம், ஜெர்மன் பேசிய குழந்தைகளின் தரவுகளையும் அடிப்படையாகக் கொண்டது. முதற்படியில் குழந்தைக்கு ஒரே சொற்களஞ்சியம். அடுத்த படியில் சொற்களஞ்சியம் இரண்டு, தொடரிலக்கணம் ஒன்று. இறுதியில் இரண்டும் தனித்தனி. இக்கொள்கையின்படி கலப்பு என்பது பிரித்தறியாமையின் அடையாளம். வளர்ச்சி என்பது பிரித்தலே.

இக்கொள்கையை 1989இல் ஜெனிசி வன்மையாக மறுத்தார். குழந்தை கலந்து பேசுகிறதா என்பதை மட்டும் பார்ப்பது போதாது; யாரிடம், எந்தச் சூழலில் கலக்கிறது என்பதையும், அதன் காதில் விழும் பேச்சு எவ்வளவு கலந்துள்ளது என்பதையும் ஒருங்கே நோக்க வேண்டும் என்றார். லான்சா 1990களில் நார்வேயில் செய்த ஆய்வு இதனை மேலும் நுட்பமாக்கியது. ஆங்கிலம் பேசும் தாய் குழந்தையின் நார்வேஜியச் சொல்லைப் புரியாதவர் போல் நடந்துகொண்டார். தந்தையோ கலப்பை இயல்பாக ஏற்று உரையாடலைத் தொடர்ந்தார். குழந்தை தந்தையிடம் மிகுதியாகக் கலந்தது. இரண்டு வயதுக் குழந்தைக்கு, எதிரிலிருப்பவர் எதை ஏற்பார் என்பது தெரிந்திருந்தது. கலப்பை அறியாமை எனக் கருதிய கொள்கைக்கு இது பேரிடி எனலாம்.

எனினும் ஜெனிசியும் லான்சாவும் கூடப் பெட்டிகள் இரண்டு என்பதை ஐயுறவில்லை. குழந்தை அவற்றை எவ்வளவு விரைவில் கண்டுகொள்கிறது என்பதே அவர்களது வினா. மான்ட்ரியலிலும் ஆஸ்லோவிலும் அது தகுந்த வினாவே. அங்கே பெற்றோரின் பேச்சைக் கேட்ட அளவிலேயே இது ஆங்கிலம், இது பிரெஞ்சு, இது நார்வேஜியம் எனச் சொல்ல முடியும். ஜாவாத் தீவின் நகரங்களில் பெற்றோரின் பேச்சே அவ்வாறு பிரிபடுவதில்லை. அங்கே வினாவையே மாற்றி அமைக்க வேண்டியுள்ளது.

இரண்டிற்கும் உரிய சொல்

ஜாவானியமும் இந்தோனேசியமும் ஆஸ்திரோனேசியக் குடும்பத்தைச் சார்ந்தவை. நூற்றாண்டுகளாக ஒன்றிலிருந்து ஒன்று கடன் பெற்றவை. 'ஆக்கு' (நான்), 'ஆனாக்' (பிள்ளை), 'சுசு' (பால்), 'குச்சிங்' (பூனை), 'தாஙான்' (கை), 'லிமா' (ஐந்து) என்பன இரு மொழிக்கும் பொது. குழந்தையின் முதல் ஐம்பது சொற்களுள் இத்தகையன எத்துணை இடம்பெறும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். இருமொழிக் குழந்தை ஒரே பொருளுக்கு இரு மொழியிலும் சொல் பெற்றுள்ளதா என்பதை வைத்துப் பிரித்தறிதலை அளப்பது வழக்கமான முறை. 'சுசு' என்னும் சொல்லில் அம்முறை செயலிழக்கிறது. அதனை ஒரு சொல்லாக எண்ணுவதா, இரு சொல்லாக எண்ணுவதா? ஒன்றென எண்ணினால் குழந்தை பிரித்தறியவில்லை என்னும் முடிவும், இரண்டென எண்ணினால் பிரித்தறிந்துவிட்டது என்னும் முடிவும் கிடைக்கும். இரண்டுமே எண்ணுபவர் இட்ட முடிவுகள்.

இலக்கண உருபுகளில் சிக்கல் இன்னும் கடுமையாகிறது. செயப்பாட்டு வினையை உணர்த்தும் 'டி-' என்னும் முன்னொட்டு இரு மொழியிலும் ஒன்றே. உண்ணப்பட்டது என்பதற்கு இந்தோனேசியத்தில் 'டிமாக்கான்', ஜாவானியத்தில் 'டிபாஙான்'. திறக்கப்பட்டது என்பதற்கு இந்தோனேசியத்தில் 'டிபுக்கா'. ஜாவானியத்தில் அதே சொல் இறுதியில் ஒரு குரல்வளை அடைப்பொலியோடு முடியும். அதாவது இரு மொழிகளின் எல்லை இங்கு ஓர் ஒலியில், அதுவும் தொண்டையில் தோன்றி மறையும் அடைப்பொலியில், தொங்கி நிற்கிறது. ஜகார்த்தாப் பேச்சில் உயிரீற்றுச் சொற்கள் பலவும் இவ்வடைப்பொலியைப் பெறுவதுண்டு என்பதால் அந்த ஒலியும் சான்றாகாது. மேலும் இரண்டு வயதுக் குழந்தை ஈற்றொலிகளைச் செம்மையாக ஒலிப்பதில்லை. ஈரசைச் சொல்லில் இறுதியசையை மட்டும் பற்றிக்கொண்டு பேசத் தொடங்குவதே இந்தோனேசியக் குழந்தைகளிடம் பெருவழக்கு. டார்ஜோவிஜோயோ தம் பேத்தியின் மொழி வளர்ச்சியை முதல் ஐந்தாண்டுகள் தொடர்ந்து நோக்கி 2000இல் வெளியிட்ட நூலிலும் இப்போக்கைக் காணலாம். அவ்வாறு குறுகிய 'கா' என்னும் ஓரசையை ஒரு மொழிக்கு உரியதாகக் குறிக்கும் படியெடுப்பாளர், குழந்தை சொல்லாததையும் சேர்த்தே எழுதுகிறார்.

இரு மொழிக்கும் ஒருசேர உரிய இத்தகைய கூறுகளை 1998இல் உலார்டு 'ஈருரிமை' உடையனவாகக் கண்டார். அவரது தரவு கட்டலானும் ஸ்பானியமும் பற்றியது. மியூஸ்கன் 2000ஆம் ஆண்டு நூலில், இலக்கணச் சட்டகம் பெரிதும் ஒத்திருக்கும் மொழிகளிடையே சொற்கள் இரு களஞ்சியங்களிலிருந்தும் தடையின்றி வந்து அமர்வதைத் தனி வகையாகப் பிரித்தார். ஜாவானிய-இந்தோனேசியப் பேச்சுக்கு இவ்வகையே பெரிதும் பொருந்துகிறது. இதற்கு மாறாக, கட்டுருபுக்கும் அடிச்சொல்லுக்கும் இடையே மொழி மாறாது எனப் பாப்லாக் 1980இல் வகுத்த விதி இங்கு நிற்கவில்லை. 'ருமாஹே' என்னும் வடிவத்தைக் காண்க. 'ருமாஹ்' என்பது இந்தோனேசியத்தில் வீடு. '-ஏ' ஜாவானிய உருபு. தூய இந்தோனேசியத்தில் 'ருமாஹ்ஞா' எனவும் தூய ஜாவானியத்தில் 'ஓமாஹே' எனவும் வர வேண்டும். கிழக்கு ஜாவாவில் பெரியவர்கள் இந்தோனேசியம் பேசும்போது 'ருமாஹே' என்பது சர்வசாதாரணம். பாப்லாக்கின் விதி நியூயார்க்கின் போர்ட்டோரிக்கர் பேச்சிலிருந்து பெறப்பட்டது. அங்கு மெய்யானது எங்கும் மெய்யாக வேண்டும் என்பதில்லை. இதனை ஒரு விதிவிலக்காகப் பட்டியலின் கடைசியில் சேர்ப்பதினும், விதி எந்த வகை மொழியிணைக்குரியது என்று எழுதுவதே முறை.

ஓர் எடுத்துக்காட்டு இச்சிக்கலை முழுமையாகக் காட்டும். குழந்தை ஒன்று 'காக் ஓனோ' என்கிறது. 'இல்லை' என்பது பொருள். 'ஓனோ' ஜாவானியம். 'காக்' என்பது ஜகார்த்தாப் பேச்சில் எதிர்மறைச் சொல். நடு ஜாவாவின் யோக்யகர்த்தாவில் எதிர்மறைக்கு ஜாவானியச் சொல் 'ஓரா' என்பதால், அங்கு இத்தொடரைக் கலப்பு எனக் குறிப்பர். சுரபாயாவின் ஜாவானியத்தில் எதிர்மறைச் சொல்லே 'காக்'தான். அங்கு இது கலப்பற்ற ஜாவானியம். குழந்தையின் வாயில் பிறந்த ஒலி ஒன்றே. தொடர்வண்டியில் சில மணி நேரப் பயணத்தில் அது கலப்பாகவும் தூய்மையாகவும் மாறிவிடுகிறது. கலப்பின் விழுக்காட்டை அட்டவணையாக்கும் ஆய்வுகள், எந்த ஊர்ப் பேச்சை அளவுகோலாகக் கொண்டன என்பதை அட்டவணைக்கு முன்னர்க் கூறுதல் வேண்டும்.

இவ்வகையில் ஜகார்த்தாவில் 1999இல் தொடங்கிய குழந்தைமொழித் தரவுத் திட்டம் பாராட்டத்தக்கது. மாக்ஸ் பிளாங்க் நிறுவனமும் ஆத்மா ஜயா கத்தோலிக்கப் பல்கலைக்கழகமும் இணைந்து, டேவிட் கில், ஊரி டாட்மோர் ஆகியோர் பொறுப்பில் இது நடைபெற்றது. பாடநூல் இந்தோனேசியத்தை அளவுகோலாகக் கொள்ளாமல், குழந்தை உண்மையில் கேட்கும் ஜகார்த்தாப் பேச்சையே பெறப்படும் மொழியாகக் கொண்டது இத்திட்டத்தின் பெருஞ்சிறப்பு. பாடநூலைக் கொண்டு அளந்திருந்தால் '-இன்' என்னும் பின்னொட்டு வரும் ஒவ்வோரிடமும் பிழையாகியிருக்கும். ஆயினும் தலைநகரின் பேச்சுக்குக் கிடைத்த இந்த மதிப்பு மாலாங், செமாராங், பாண்டுங் நகரங்களின் பேச்சுக்கும் அதே அளவில் கிடைத்ததாகக் கூற இயலாது. அவ்வூர்களில் வழங்குவதை இந்தோனேசியமும் வட்டார மொழியும் கலந்தது எனக் கூறுவதே இன்றும் இயல்பாகக் கருதப்படுகிறது. ஜகார்த்தாவின் கலவை மட்டும் மொழியாயிற்று.

தடுக்கப்பட்ட பேச்சு

குழந்தைகளின் கலவை எங்குச் சென்று முடியும் என்பதற்கு இந்தோனேசிய வரலாறே சான்று தருகிறது. டச்சு ஆட்சிக் காலத்தில் டச்சுத் தந்தையர்க்கும் உள்நாட்டுத் தாய்மார்க்கும் பிறந்த குழந்தைகளிடையே இரு பேச்சுகள் உருவாயின. பட்டேவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், மலாய் இலக்கணத்தில் டச்சுச் சொற்களை ஏற்றிய 'பெச்சோ' வழங்கிற்று. செமாராங்கில் ஜாவானிய இலக்கணத்தில் டச்சுச் சொற்களை ஏற்றிய 'ஜாவிண்டோ' வழங்கிற்று. தாயிடமிருந்தும் பணிப்பெண்ணிடமிருந்தும் இலக்கணச் சட்டகம் வந்தது. தந்தையின் மொழி சொற்களைத் தந்தது. தெருவில் விளையாடிய பிள்ளைகள் இரண்டையும் பொருத்தினர்.

ஜாவிண்டோவைப் பற்றி டி க்ரூய்ட்டர் 1990இல் எழுதிய நூலின் பெயரிலேயே 'தடுக்கப்பட்ட மொழி' என்னும் தொடர் உண்டு. பெயர் பொருத்தமானது. நல்ல டச்சு பேசுவதே ஐரோப்பியர் என்னும் சட்டத் தகுதிக்கும் அலுவலக வேலைக்கும் வாயிலாக இருந்த சமூகத்தில், பிள்ளைகளின் இப்பேச்சு உடைந்த டச்சாகவே மதிக்கப்பட்டது. பேசியவர்களே அதற்காக நாணினர். விடுதலைக்குப் பின் இச்சமூகத்தார் பெரும்பான்மையோர் நெதர்லாந்து சென்றனர். பேச்சும் அவர்களோடு முதுமையடைந்தது. பெச்சோவுக்கு ஜாலி ராபின்சன் என்னும் புனைபெயரில் எழுதிய யான் போன் (1911-1974) எழுத்தில் இடம் தந்தார். ஜாவிண்டோவுக்கு அப்பேறு அந்த அளவில் வாய்க்கவில்லை. இலக்கணம் ஒழுங்குடையது, தலைமுறை கடந்து வழங்கியது, தாய்மொழியாக நின்றது ஆகிய எல்லாத் தகுதியும் பெற்றிருந்த ஒரு பேச்சை, அது வழங்கிய காலத்தில் குழந்தைகளின் பிழை எனக் கண்டதை மொழியியல் மறத்தல் ஆகாது.

இதனைக் கடந்த காலச் செய்தி எனத் தள்ளிவிடவும் இயலாது. மாலாங் நகரின் பெரானாக்கான் சீனர் பேச்சை ராஃபர்ட்டி 1982இலும், பாசுருவான் நகரின் சீனர் பேச்சை ஓயெட்டோமோ 1987இலும் ஆராய்ந்தனர். இந்தோனேசியச் சொற்களும் ஜாவானிய உருபுகளும் நிலையான முறையில் இணைந்த பேச்சே அக்குடும்பங்களின் வீட்டு மொழி. அங்குப் பிறக்கும் குழந்தை இரு மொழிகளைப் பெற்றுப் பின்னர்க் கலப்பதில்லை. இணைந்த ஒன்றையே முதலில் பெறுகிறது. பிரித்தல்தான் அதற்குப் பின்னர் நிகழ்வது, அதுவும் பள்ளியில். வோல்டெரா-டெஷ்னர் கொள்கையை இங்குத் தலைகீழாகப் படிக்க வேண்டும்.

பாட்டியிடம் இந்தோனேசியம்

இதுவரை கூறியவற்றால் குழந்தைக்கு மொழி வேறுபாடு தெரியாது எனக் கொள்ளுதல் பிழை. தெரிய வேண்டிய வேறுபாடு அதற்கு நன்கு தெரியும். அது மொழிப் பெயர்களின் வேறுபாடு அன்று, மனிதர்களின் வேறுபாடு.

ஜாவானியத்தில் தோழமைக்குரிய 'ஙோக்கோ', பணிவுக்குரிய 'க்ராமா' எனப் பேச்சு நிலைகள் உண்டு, சொற்களே மாறும். பெற்றோர் தாமே குழந்தையின் நிலையில் நின்று, அது பெரியவரிடம் வழங்க வேண்டிய உயர் சொல்லை வழங்கிக் காட்டுவர். தாய் தன் கணவனைக் குழந்தை முன்னிலையில் 'பாப்பாக்' (அப்பா) எனச் சுட்டுவதும் இதன்பாற்படும். க்ராமாவைப் பிழையின்றிக் கற்பிக்க நெடுங்காலம் வேண்டும், பிழைபட்டால் அவமதிப்பு. இந்தோனேசியத்தில் இவ்விடர் இல்லை. நிலைகளைத் தெரிவு செய்யாமலே மரியாதையாகப் பேச அது இடம் தருவதை எரிங்டன் 1998ஆம் ஆண்டு நூலில் விரிவாக எடுத்துக்காட்டியுள்ளார். எனவே தோழனிடம் 'ஆக்கு விஸ் மாஙான்' என ஙோக்கோவில் கூறும் சிறுவன், பாட்டியிடம் 'ம்பாஹ், ஆக்கு சுடாஹ் மாக்கான்' எனக் கூறலாம். இரண்டுமே 'நான் சாப்பிட்டுவிட்டேன்' என்பதுதான். 'ம்பாஹ்' என்னும் விளி ஜாவானியம், எஞ்சியது இந்தோனேசியம், 'ஆக்கு' இரண்டிற்கும் பொது. படியெடுப்பில் இது கலப்புத் தொடர். வீட்டில் இது, பாட்டியிடம் ஙோக்கோ பேசலாகாது, க்ராமாவோ வராது என்னும் நிலையில் ஒரு சிறுவன் கண்ட மரியாதையான வழி. இதனைச் சொற்பற்றாக்குறை எனப் பெயரிடுவது பாதி உண்மையே.

ஆனால் இவ்வழி ஒரு விலையோடு வருகிறது. யோக்யகர்த்தா இளைஞரையும் தாய்மாரையும் ஆராய்ந்து 2009இல் எழுதிய ஸ்மித்-ஹெஃப்னர், தமக்குள் ஜாவானியம் பேசும் பெற்றோரும் குழந்தையிடம் இந்தோனேசியம் பேசத் தலைப்பட்டதைச் சுட்டினார். பள்ளிக்கு ஆயத்தம், நாகரிகம், க்ராமா பற்றிய அச்சம் எனக் காரணம் பல. எண்பது மில்லியன் அளவில் பேசுவோரைக் கொண்ட ஜாவானியத்திற்கும் எண்ணிக்கை காப்பாகாது என 2014இல் கோனும் ரவீந்திரநாத்தும் எச்சரித்தனர். இந்நிலையில் ஆய்வுச் சொல்லுக்கு வீட்டிற்குள் விளைவு உண்டு. கலப்பு முதிராமையின் அடையாளம் என்னும் பழைய கொள்கை, இரு மொழி கேட்டால் குழந்தை குழம்பும், ஒன்றை விடுங்கள் என்னும் அறிவுரையாக உருமாறிப் பெற்றோரை அடைகிறது. அவ்வறிவுரையின்படி விடப்படுவது எப்போதும் பாட்டியின் மொழியே. பள்ளியின் மொழி ஒருபோதும் அன்று.

இவ்வாதத்திற்கு எல்லையும் உண்டு. பப்புவாவில் ஆஸ்திரோனேசியக் குடும்பத்தைச் சாராத மொழிகள் பல. அவற்றுக்கும் மலாய்க்கும் இடையே ஈருரிமைச் சொற்கள் இவ்வளவு இரா. அங்குப் பெட்டிகள் ஓரளவு மெய்யாகவே தனித்திருக்கும். இந்தோனேசியமும் இத்தாலியமும் ஒருங்கே பெறும் குழந்தைகளைச் சோரியென்டே ஆராய்ந்துள்ளார். அங்கும் எல்லை தெளிவு. தென் ஜகார்த்தா இளைஞரின் ஆங்கிலக் கலப்பு 2018இல் பெரும் பேச்சுக்கும் பரிகாசத்திற்கும் உள்ளானது. அது வகுப்பு அடையாளம், தனிப் பொருள்.

மொழிபெயர்ப்பாளர் நிற்குமிடம்

இந்தோனேசியப் புனைகதையில் குழந்தைகள் பேசும் இந்தோனேசியம் பெரும்பாலும் சலவை செய்யப்பட்டது. அகமது தோஹாரியின் 'ரோங்கெங் டுக்குஹ் பாருக்' (1982) வறண்ட நிலத்தில் மரவள்ளிக் கிழங்கைப் பிடுங்கப் போராடும் மூன்று சிறுவரோடு தொடங்குகிறது. கதை நிகழும் பாஞுமாஸ் பகுதிச் சிற்றூரில் அச்சிறுவர் பேசக்கூடியது அப்பகுதி ஜாவானியமே. ஏட்டில் அவர்கள் பேசுவதோ செப்பமான இந்தோனேசியம். வாசகர் அதனை உள்ளுக்குள் மொழிபெயர்த்துக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது எழுதப்படாத உடன்பாடு. ஆங்கிலத்தில் 2003இல் வெளிவந்த மொழிபெயர்ப்பு இவ்வுடன்பாட்டின் மீது மற்றொரு படலத்தை ஏற்றியது. ஆசிரியரே 2006இல் அந்நாவலைப் பாஞுமாஸ் ஜாவானியத்தில் வெளியிட்டார். மூலத்திற்குப் பின்னர் வந்த அவ்வடிவமே சிறுவரின் வாய்ப்பேச்சுக்கு அண்மையில் உள்ளது. எனவே தமிழில் தருவோர்க்கு எது மூலம் என்னும் வினா எழுகிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்காமல் அச்சிறுவரைத் தமிழில் பேச வைப்பது இயலாது.

இன்றைய எழுத்துகளில் கலவை ஏட்டிலேயே இடம்பெறும்போது, மொழிபெயர்ப்பாளர்க்கு எளிதாகக் கைக்கு எட்டுவது ஆங்கிலம் கலந்த தமிழ். இது பொருந்தாது. தமிழ்க் குழந்தையின் பேச்சில் ஆங்கிலச் சொல் பள்ளியையும் வசதியையும் உணர்த்தும். ஜாவாக் குழந்தையின் இந்தோனேசியத்தில் வரும் ஜாவானிய உருபு அடுக்களையையும் பாட்டியையும் உணர்த்தும். திசை நேர்மாறானது. தென் ஜகார்த்தா இளைஞரை மொழிபெயர்க்க ஆங்கிலக் கலப்பு உதவும். சுரபாயாக் குழந்தைக்கு உதவாது. பொதுத்தமிழ்ப் பேச்சினூடே வட்டார வழக்கின் ஒரு விகுதி, ஒரு விளி, ஓர் இடைச்சொல் என அளவாக வைப்பதே அதற்கு அண்மையானது. 'புக்காயின்' என்பதற்குத் 'திறந்து குடுங்க' எனவும், 'புக்காக்னோ' என்பதற்குத் 'தொறந்து தாங்க' எனவும் வேறுபடுத்தலாம். வேறுபாடு சிறிது, மூலத்திலும் அது சிறிதே. 'ருமாஹே' என்பதற்கு மட்டும் இவ்வழி போதாது. ஒரு சொல்லின் அடி ஒரு வழக்கிலும் உருபு மற்றொரு வழக்கிலும் நிற்க, அது கேட்பவர்க்கு உறுத்தாமலும் இருக்க வேண்டும். 'வீட்டுல' என்பது போன்ற வடிவம் தமிழ்க் காதுக்கு முழுவதும் ஒரே வழக்காகவே ஒலிக்கும். ஜாவாவின் காதுக்கு 'ருமாஹே'வும் அவ்வாறே ஒலிக்கிறது என்பதை நோக்க, அவ்வுறுத்தலின்மையையே மொழிபெயர்ப்பு காக்க வேண்டியதாகிறது. இரு மொழி என்னும் செய்தியை அடிக்குறிப்பு ஏற்கட்டும்.